உப்புக்காற்றில் கேமராவுக்கு மேல்தோல்

பாம்பன் சாலைப் பாலத்தில், பக்கத்துப் பாலத்தில் ரயில் கடப்பதைப் படமெடுக்கக் காத்து நிற்கும்போது கைக்கு வேலை இருக்காது. அப்படி நின்ற ஒரு மாலையில்தான், என் யாஷிகா மேட்-124ஜி கேமராவின் முன்பக்கத் தோல் ஒரு மூலையில் எழும்பியிருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது. நகத்தால் லேசாக நெம்பினேன். அடியில் விபூதி பூசியது போல வெள்ளைத் தூள்.

அது அலுமினியம் உப்பேறிப் பூத்தது. பித்தளையாக இருந்திருந்தால் பச்சைக் களிம்பு வந்திருக்கும். இராமேஸ்வரம் பக்கம் இரும்பும் பித்தளையும் படும் பாடு ஊரறிந்தது. எதிரே தெரிந்த 1914-ஆம் ஆண்டுப் பழைய ரயில் பாலத்தைப் பார்த்தாலே போதும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்கு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே மேல்பூச்சை யோசித்துப் போடும் ஊரில், கேமராவுக்குத் தோல் மாற்றுகிறவர் நிறத்தை மட்டும் பார்த்துத் துணி எடுத்தால் எப்படி?

தோல் என்று சொல்கிறோமே தவிர, பல கேமராக்களில் இருப்பது தோலே அல்ல. என் யாஷிகாவில் இருப்பது ரெக்ஸின் வகை. 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் வல்கனைட் எனும் கெட்டி ரப்பர்; வயதானால் வறண்ட பிஸ்கட் போலச் சில்லுச் சில்லாக உதிரும். அசல் தோல் போர்த்திய பழைய ஜைஸ் ஐகான் கேமராக்களில், அடியில் இருக்கும் பித்தளை ஆணிகள் களிம்பேறி உப்பி, மேலே அம்மை போட்டது போலப் புடைத்துக்கொண்டு நிற்கும். சேகரிப்பாளர்கள் அதற்கு ‘ஜைஸ் பம்ப்ஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரர் காலத்திலேயே இது தெரிந்த சங்கதிதான். ஈரவெக்கையில் பசை இளகும், தோலைப் பூச்சி அரிக்கும் என்று, இந்தியா போன்ற நாடுகளுக்கென ‘ட்ராப்பிகல்’ மாடல்களைத் தனியாகச் செய்தார்கள். சாண்டர்சன், சோஹோ ரிஃப்ளெக்ஸ் போன்றவற்றில் உடம்புக்குத் தோலே கிடையாது. மெருகேற்றிய தேக்கு, மூலைகளில் பித்தளைப் பட்டை. துருத்திக்கு மட்டும் தோல். இன்று அவை தோல் போர்த்தியவற்றைவிட அழகாக இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

சரி, நம் கேமராவுக்கு வருவோம். பழைய தோலை உரிக்கும் முன், முடியை உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடு காட்டுங்கள். பிறகு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைச் சிரிஞ்சில் எடுத்து ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு, மூங்கில் குச்சியால் மெல்ல நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், தகடு கீறிவிடும். அசிட்டோனும் வேண்டாம், பிளாஸ்டிக்கையும் பெயிண்டையும் தின்றுவிடும். பித்தளையில் களிம்பு இருந்தால் குத்துவிளக்கு ஞாபகத்தில் புளியைத் தேய்க்கத் தோன்றும். பஞ்சில் தொட்ட துளி வினிகர் போதும், உடனே ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும். அலுமினியத்துக்குப் புளிப்பே கூடாது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஆல்கஹாலால் துடைத்தால் சரி.

உரித்த தோலை வைத்து அளவெடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நானும் செய்தேன். ரெக்ஸின் வயதாக ஆகச் சுருங்கும்; அந்த அளவில் வெட்டிய புதுத் துண்டு நாலு பக்கமும் இடைவெளி விட்டுப் பல்லிளித்தது. அளவைத் தகட்டிலிருந்தே எடுக்க வேண்டும். சின்ன வயதில் காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே வித்தை. விளிம்பெல்லாம் கோடாக விழும். அதைக் கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டி, கேமராவில் வைத்துப் பார்த்துத் திருத்திய பிறகுதான் தோலில் கத்தி வைக்க வேண்டும்.

அடுத்தது தடிமன். பர்ஸ் தைக்கும் தோல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். கேமராவுக்கு அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் வரை போதும். அதற்கு மேல் போனால் உலோக விளிம்பைத் தாண்டிப் புடைத்து, லீவர்கள் உரசும். ஆட்டுத்தோல் என்றால் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் குரோம் பதனிட்டு ஷூவின் உள்பக்கத்துக்குப் போடும் மெல்லிய ரகம் நல்லது. திண்டுக்கல், திருச்சி வட்டாரத்தில் மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் தோல் கைபடக் கைபட நிறம் ஏறி அழகாகும். ஆனால் ஈரத்தைக் குடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சிரா வாசிப்பவர்களைக் கேளுங்கள்: உள்பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தாலே சுருதி இறங்கிவிடும். தோலின் குணம் அது.

கடலோரத்தில் இருப்பவருக்கு என் சிபாரிசு, வெட்கப்படாமல் ரெக்ஸின்தான். நான் வாங்கியது பைக் சீட் தைக்கும் கடையில். கடைக்காரர் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, டிபன் பாக்ஸுக்கு உறையா?” என்றார். சீட்டுக்குப் போக மிஞ்சிய துண்டு, அடர்நீலம். வெயிலையும் மழையையும் வியர்வையையும் தாங்கத்தானே அந்தச் சரக்கே தயாராகிறது? துணி முதுகு அதிகத் தடிமனாக இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒட்டுவதற்கு நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் அல்ல, வானத்தில். ஷூவுக்குப் போடும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்ததும் அழுத்துவது முறை. அந்தப் பசையிலுள்ள திரவம் ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமானால் அதன்மேல் பனி படியும், பிடிப்பு போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கை வைக்காமல், மாசி, பங்குனியில் ஒரு காய்ந்த மத்தியானத்தில் செய்யுங்கள். உடனே ஒட்டும் குவிக் பசையை மட்டும் கேமரா பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி லென்ஸில் வெள்ளைப் படலமாகப் படியும்.

இன்னொன்று. யாஷிகாவின் முன்தகட்டைக் கழற்றும் நாலு திருகாணிகள் தோலுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கின்றன. பென்டாக்ஸ் கே1000-லும் இதே கதை. ஷட்டர் மக்கர் செய்தால் மெக்கானிக் தோலை உரித்தாக வேண்டும். எனவே அந்த இடத்துக்கு மட்டும் ரப்பர் பசை போடாமல் மெல்லிய இரட்டைப்பக்க டேப் ஒட்டினேன். உரித்த சாக்கில், பின்மூடி ஓரத்து நுரைப்பட்டை பிசுபிசுத்துக் கிடந்ததையும் சுரண்டிவிட்டு மாற்றினேன். அது போனால் ஃபிலிமில் வெளிச்சம் ஒழுகும்.

முன்தகட்டைத் துடைத்தபோது ஊசியால் கீறிய ஒரு தேதி தெரிந்தது: 11-3-89. எந்த மெக்கானிக்கோ. அதன் கீழே என் தேதியைப் பென்சிலால் எழுதினேன். எங்கே டேப், எங்கே பசை என்றும் குறித்தேன், அடுத்து உரிப்பவர் எந்த மூலையில் தொடங்குவது என்று திண்டாடக் கூடாதே.