பெற்றோரைப் பிரிக்காத நார்

வானத் தந்தை ரங்கியும் பூமித் தாய் பாப்பாவும் இறுகத் தழுவிக் கிடந்தனர். மகன் டானே அவர்களைப் பிரித்து உலகிற்கு ஒளி தந்தான். தந்தையின் கண்ணீரே மழை. இது நியூசிலாந்தின் மாவோரி மக்கள் கூறும் புராணம்.

இத்தகைய கதைகள் அங்கே உடையாகவும் மேடையேறுகின்றன. சிற்பி சூசி மான்கிரீஃப் 1987ல் நெல்சன் நகரருகே தொடங்கிய 'அணியும் கலை' போட்டி, 2005ல் வெலிங்டனுக்கு மாறியது.

மரபு வழியில் உடை செய்வோருக்கு, தாழை மடல் போன்ற இலையுடைய 'ஹரகேகே' செடி வேண்டும். இலையைச் சிப்பியால் வழித்தால் பட்டுப் போன்ற நார் வரும். தறி கிடையாது; விரல்களாலேயே பின்னுவார்கள்.

அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நடுக்குருத்து குழந்தை, இருபுறத்து இலைகள் பெற்றோர். மூன்றையும் தொடலாகாது. வெளி இலைகளை மட்டுமே அறுக்கலாம். அப்போதுதான் செடி தழைக்கும்.

கதையில் பிள்ளை பெற்றோரைப் பிரித்தான். அக்கதைக்கு உடை பின்ன நார் எடுப்பவரோ பிரிப்பதில்லை!