தோல்வியை ஒப்புக்கொள்ளக் கற்றுத்தரும் கலை

கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ ஆகியவற்றுக்கு அடுத்து, 'பிரேசிலிய ஜியு-ஜிட்சு' என்ற பெயரும் இப்போது நம் வீடுகளில் கேட்கத் தொடங்கியிருக்கிறது. பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள், பெற்றோர் அஞ்சுகிறார்கள். இக்கலையைப் பயின்றும் பயிற்றுவித்தும் வருபவன் என்பதால், 'கழுத்தை நெரிப்பதும் கையை முறுக்குவதும் ஒரு விளையாட்டா?' என்ற கேள்வியை எங்கள் ஊரான கடியப்பட்டணத்தில் நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். நியாயமான கேள்விதான். அதற்கான விடை விரிவாகச் சொல்லப்பட வேண்டும்.

1882-இல் ஜிகோரோ கானோ என்ற ஜப்பானிய ஆசிரியர், பழைய ஜியு-ஜிட்சு முறைகளைச் சீரமைத்து ஜூடோவை உருவாக்கினார். அவரது பள்ளியில் பயின்ற மித்சுயோ மயேதா 1914-இல் பிரேசில் சென்றார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவருடைய தம்பி ஹீலியோவும், எதிராளியைத் தரையில் வீழ்த்திக் கட்டுப்படுத்தும் பகுதியைத் தனிக்கலையாக வளர்த்தனர். 1993-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், அனைத்துத் தற்காப்புக் கலைகளுக்கும் பொதுவாக நடந்த போட்டியில், ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார். உடல் பருமனில் அவரை விஞ்சியவர்களும் அந்தப் போட்டியில் இருந்தனர். உலகம் இக்கலையைத் திரும்பிப் பார்த்தது அன்றுதான்.

குமரி மாவட்டத்தாருக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. நம் மண்ணின் அடிமுறையில் 'பூட்டு' என்றும் 'பிரிவு' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. எதிராளியின் மூட்டை அசையவிடாமல் பிணைப்பது பூட்டு. அதிலிருந்து விடுபடுவது பிரிவு. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் பெரும்பகுதியை இந்த இரண்டு சொற்களிலேயே விளக்கிவிடலாம். 'இந்தியன்' படத்தால் வர்மத்தையும், 'பட்டாஸ்' படத்தால் அடிமுறையையும் தமிழகம் முழுவதும் அறிந்தது. ஆனால், திரைப்படம் காட்டிய தாக்குதலைவிடப் பெரிய பாடம் ஒன்று அம்மரபில் இருக்கிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களை அறிந்த ஆசான், அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறையையும் அறிந்திருக்க வேண்டும். மாணவனின் பொறுமையையும் அடக்கத்தையும் நெடுநாள் சோதித்த பிறகே வர்மம் சொல்லித்தரப்பட்டது. ஆபத்தான அறிவு, கட்டுப்பாட்டோடு சேர்ந்தே கைமாற வேண்டும் என்பது அதன் பொருள்.

ஜியு-ஜிட்சுவில் அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பெயர் 'தட்டுதல்'. பூட்டில் சிக்கியவர், எதிராளியின் உடலிலோ தரையிலோ கையால் இருமுறை தட்டினால் போதும். அந்தக் கணமே பிடி தளர வேண்டும். கழுத்தின் இருபுறமும் உள்ள இரத்த நாளங்கள் சரியாக அழுத்தப்பட்டால், பத்து விநாடிகளுக்குள்ளாகவே நினைவு தப்பிவிடக்கூடும். முழங்கை மூட்டுக்கோ அவ்வளவு அவகாசமும் கிடையாது. ஆகவே, தட்டுவது கோழைத்தனம் அன்று. நாளையும் பயிற்சிக்கு வருவதற்கான வழி. 1951-இல் ரியோ டி ஜெனிரோவில், ஜப்பானிய வீரர் மசாஹிகோ கிமுராவின் பிடியில் சிக்கிய ஹீலியோ கிரேசி தட்ட மறுத்தார். கடைசியில் அவர் தரப்பினரே துண்டை வீசிப் போட்டியை நிறுத்த நேர்ந்தது. அந்தப் பூட்டு இன்றும் 'கிமுரா' என்றே அழைக்கப்படுகிறது. ஹீலியோவின் மனவுறுதியைப் புகழ்பவர்கள் பலர். ஆனால், 14 வயதுச் சிறுவனுக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது, துண்டை வீசியவர்களின் விவேகத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பேன்.

போட்டி விதிகளும் இந்தத் தத்துவத்தையே பின்பற்றுகின்றன. எதிராளியைக் கீழே வீழ்த்தினால் 2 புள்ளிகள். கீழிருந்து புரட்டி மேலே வந்தால் 2. அவரது கால்களின் தடுப்பைக் கடந்தால் 3. மார்பின் மேல் அமர்ந்தாலோ முதுகைப் பற்றினாலோ 4. ஒவ்வொரு நிலையையும் 3 விநாடிகள் தக்கவைத்தால்தான் புள்ளி கிடைக்கும். அதாவது, பாய்ச்சலுக்கு அன்று, கட்டுப்பாட்டுக்கே மதிப்பெண். வெள்ளைப் பட்டை அணிந்த பெரியவர்களுக்கு ஆட்டம் 5 நிமிடங்கள். கறுப்புப் பட்டைக்கு 10. எந்த நேரத்திலும் எதிராளி தட்டிவிட்டால் புள்ளிக் கணக்கு அத்துடன் முடிந்தது. வயதும் பட்டையும் குறைந்தவர்களுக்குப் பல பூட்டுகள் தடைசெய்யப்பட்டுள்ளன.

போட்டிக்கு ஆயத்தமாவது என்றால் உடலை வருத்துவது என்றே பலர் எண்ணுகின்றனர். எங்கள் கடற்கரை இளைஞர்களுக்கு உடல் வலிமையில் குறையே இல்லை. கரமடி இழுத்துப் பழகிய கை ஒருவரின் சட்டைக் கழுத்தைப் பற்றினால் எளிதில் விடாது. சிக்கலும் அதில்தான் இருக்கிறது. வலிமையை நம்புபவன் முதல் இரண்டு நிமிடங்களில் முழுவதையும் செலவழித்துவிட்டு மூச்சிரைத்து நிற்பான். மெலிந்தவனோ வேறு வழியின்றி நுணுக்கத்தைக் கற்கிறான். எனவே, போட்டிக்கு முந்தைய வாரங்களில் நான் வலியுறுத்துபவை மூன்று: தெரிந்த நான்கைந்து நகர்வுகளையே திரும்பத் திரும்பச் செய்வது, ஆட்ட நேர அளவிலேயே பழகி மூச்சைச் சேமிப்பது, கடைசி வாரத்தில் பயிற்சியைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தருவது. விரிப்பையும் உடையையும் அன்றாடம் தூய்மை செய்வதும் பயிற்சியின் பகுதியே. படர்தாமரை போன்ற தோல் நோய்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் தொற்றும் விளையாட்டு இது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது எடைக் குறைப்பு. கீழ்ப்பிரிவில் ஆடினால் எளிதாக வெல்லலாம் என்ற ஆசையில், வளரும் பிள்ளைகள் உணவைத் தவிர்த்து, நீரருந்தாமல், தடித்த உடை அணிந்து வெயிலில் ஓடுகின்றனர். இதன் விலை மிகப் பெரியது. 1997-இன் இறுதியில், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் எடையைக் குறைக்கும் முயற்சியில் ஆறு வாரங்களுக்குள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். அதன் பிறகே அங்கு விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில், இரவெல்லாம் முயன்றும் 100 கிராம் கூடுதல் எடையால் வினேஷ் போகாட் இறுதிப் போட்டியை இழந்ததை நாடே கண்ணீருடன் பார்த்தது. அனைத்து வசதிகளும் உள்ள அணிக்கே அந்த நிலை என்றால், மருத்துவர் துணையின்றிப் பட்டினி கிடக்கும் பள்ளி மாணவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு சம்மேளனத்தின் போட்டிகளில், முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்னர், போட்டி உடையுடனேயே எடை பார்க்கிறார்கள். வாய்ப்பு ஒன்றே. முதல் நாள் எடை காட்டிவிட்டு இரவில் நீரருந்தி உடலைத் தேற்றிக்கொள்ள அங்கே வழியில்லை. வறண்ட உடலுடன் வருபவர் வறண்ட உடலுடனேயே ஆட வேண்டும். ஆகவே குறுக்கு வழியால் பயன் குறைவு. மாவட்ட, மாநில அளவில் போட்டி நடத்தும் எல்லா அமைப்புகளும், பள்ளி மாணவர்களுக்கேனும் இம்முறையைக் கட்டாயமாக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டோர் தங்கள் இயல்பான எடைப்பிரிவிலேயே ஆட வேண்டும் என்பதைப் பயிற்சியாளர்கள் தாமே விதியாக வகுத்துக்கொள்ளலாம். விரிப்பின் அருகே முதலுதவி தெரிந்த ஒருவர் இல்லாத போட்டிக்கு அனுமதி தரக்கூடாது.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜியு-ஜிட்சு பதக்க விளையாட்டாக இடம்பெற்றது. எனவே நம் பிள்ளைகளின் பதக்கக் கனவு வெறும் கற்பனை அன்று. அதே வேளையில், 'சர்வதேசம்' என்ற அடைமொழியுடன் சான்றிதழ் வழங்கும் எல்லாப் போட்டிகளும் ஒரே மதிப்புடையவை அல்ல. போட்டியை நடத்துவது யார், அதற்கு என்ன அங்கீகாரம் உண்டு என்று கேட்டறிந்த பிறகே பெற்றோர் கட்டணம் செலுத்துவது நல்லது.

பயிற்சிக்கூடத்தைத் தேர்ந்தெடுக்கப் பெற்றோருக்கு நான் சொல்லும் வழி எளியது. சுவரில் மாட்டிய பதக்கங்களை எண்ண வேண்டாம். ஒரு மணி நேரம் ஓரமாக அமர்ந்து கவனியுங்கள். சிறியவன் தட்டியதும் பெரியவன் உடனே விடுகிறானா? தட்டியவனை யாரும் எள்ளி நகையாடாமல் இருக்கிறார்களா? ஆசிரியரும் தம் மாணவரிடம் தட்டத் தயங்காதவராக இருக்கிறாரா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், உங்கள் பிள்ளையை நம்பிச் சேர்க்கலாம். வெற்றியைக் கற்றுத்தரப் பலர் இருக்கின்றனர். காயமின்றித் தோற்று, மறுநாள் மீண்டும் வந்து நிற்கக் கற்றுத்தரும் இடமே நம் பிள்ளைகளுக்கு இன்று தேவை.