மருந்துக் கடையில் ஒரு காவல்

நோயாளியைப் பரிசோதித்து மருந்துச் சீட்டு எழுதுபவர் மருத்துவர். அம்மருந்தை இறுதியாகக் கையில் எடுத்துச் சரிபார்த்துக் கொடுப்பவர் மருந்தாளுநர். அவருக்குரிய கல்வியையும் பதிவையும் 1948ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்தது. 2015ஆம் ஆண்டில் வெளியான தொழில் விதிகள், மருந்தை உட்கொள்ளும் முறையை நோயாளிக்கு விளக்குவதையும் அவருடைய கடமைகளுள் ஒன்றாக்கின.

ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் விஷயத்தில் இக்கடமை மிகவும் முக்கியமாகிறது. சாதாரணச் சளியும் ஃபுளூ காய்ச்சலும் வைரஸினால் உண்டாகின்றன. வைரஸை இம்மருந்துகள் அழிப்பதில்லை. இவற்றைத் தேவையின்றி உட்கொண்டால், உடலிலுள்ள பாக்டீரியாக்களுள் வலுவற்றவை மடிய, மருந்தைத் தாங்கவல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. பின்னர் மெய்யாகவே மருந்து தேவைப்படும் வேளையில் அது பயனற்றுப் போகலாம். இத்தகைய எதிர்ப்பாற்றல் நேரடிக் காரணமாக, 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் மக்கள் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

இவ்வபாயத்தைத் தடுக்க, இந்திய மாநிலங்களுள் முதலாவதாகக் கேரளம் 2018 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைக் கண்டறிய, 2024 ஜனவரியில் அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆப்பரேஷன் அமிர்த்' என்னும் சோதனையைத் தொடங்கியது. முன்னரே, 2014 மார்ச் 1 முதல், மத்திய அரசின் 'எச் 1' பட்டியலிலுள்ள மருந்துகளை விற்கும்போது மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களையும் மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி, அதனை மூன்றாண்டுகள் பாதுகாத்தல் வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது.

எனினும், சட்டம் மட்டும் போதாது. மருத்துவரிடம் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று அஞ்சுபவர், சென்ற முறை உண்ட மாத்திரையையே கேட்கிறார். 'இல்லை' என்று மட்டும் கூறினால் அவர் அடுத்த கடையை நாடுவார்; விற்பனையும் நழுவும். அம்மாத்திரை ஏன் பயன்படாது என்பதைப் பொறுமையுடன் விளக்கி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வழிகாட்டுவதே உண்மையான நோயாளி சேவையாகும். மூச்சுத் திணறலோ, குழந்தை பால் குடிக்க மறுப்பதோ காணப்பட்டால் உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

சீட்டுடன் வருபவருக்கும் அறிவுரை தேவை. பெனிசிலின் முன்பு ஒவ்வாமை விளைவித்ததா என்று கேட்டறிதல் வேண்டும். டாக்சிசைக்ளின் போன்றவற்றைப் பாலுடன் உட்கொண்டால் உடல் அவற்றை ஏற்பது குறையும். குழந்தைகளுக்கான தூள் மருந்தைக் கொதித்து ஆறிய நீரில், புட்டியிலுள்ள கோடு வரை கரைத்தல் வேண்டும். சமையல் கரண்டியால் அளக்கலாகாது.

இச்செய்திகளை ஆசிரியர்கள் வகுப்பிலும் களப்பணியாளர்கள் வீடுகளிலும் எடுத்துரைக்கலாம். எதற்கான மருந்து, எவ்வளவு, எப்பொழுது, எத்தனை நாள் என்னும் நான்கு கேள்விகளையும் கேளாமல் எவரும் மருந்துக் கடையை விட்டு அகலலாகாது.