மீனுக்கும் உண்டு அக்னி நட்சத்திரம்

2019 ஜூன் மாதக் கடைசியில், குளத்துக்கடியில் வைக்கப்பட்டிருக்கும் அத்தி மரப் பெருமாளான அத்தி வரதரை வெளியே எழுந்தருளச் செய்வதற்காகச் சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தை இறைத்தார்கள். குளத்தில் இருந்த மீன்களைப் பிடித்து வேறு குளத்துக்கு மாற்றினார்கள். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் ஊரே திமிலோகப்பட்டது. மீன்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச வேண்டிய நேரமும் அதுவல்ல.

ஆனால் மீன் வளர்ப்பவருக்குக் கோயில் குளத்துப் படிக்கட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சித்திரை மாதத்து நடுப்பகலில், தண்ணீர் தொடும் முதல் படியில் காலை வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். இன்னும் மூன்று படி இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நில்லுங்கள். இடுப்பில் சூடு, பாதத்தில் குளுமை. மேல்தண்ணீர் வேறு, அடித்தண்ணீர் வேறு. காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏரியிலும் பண்ணைக் குட்டையிலும் மீன் வளர்ப்பவர்களின் லாப நஷ்டத்தில் பெரும்பங்கு இந்த வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கிறது.

நம் உடம்பு வெயிலிலும் குளிரிலும் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். மீனுக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீர் எத்தனை டிகிரியோ, கிட்டத்தட்ட அதுதான் மீனின் உடம்பும். 10 டிகிரி ஏறினால் உடம்புக்குள் நடக்கிற வேலையெல்லாம் சுமார் இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுக்கணக்கு. பசி, செரிமானம், மூச்சு எல்லாமே அதில் சேரும். நம் சந்தைக்கு வரும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் 25 முதல் 32 டிகிரி வரை தோதான சூடு. அந்த அளவில் போட்ட தீனி சதையாகும். 20 டிகிரிக்குக் கீழே போனால் தீனி எடுப்பது குறையும். பஞ்சாப், ஹரியானா பக்கம் குளிர்காலத்தில் தீனியை வெகுவாகக் குறைத்துவிடுவது இதனால்தான். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் தொல்லை மேல்முனையில்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டில் மட்டும் 381 ஏரிகள் இருக்கின்றன. இவை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வந்த பிறகு மீன்பாசி குத்தகை எடுத்தவர் குஞ்சு விடுவார். அப்போது ஏரி நிறையத் தண்ணீர், கையகலம்கூட இல்லாத குஞ்சு. மாசி, பங்குனியில் மீன் நன்றாக ஏறும். சித்திரை, வைகாசி வரும்போது மீன் கிலோக் கணக்கில் இருக்கும், தண்ணீரோ முழங்கால் அளவுக்கு வந்திருக்கும். ஆழமான தண்ணீர் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். இரண்டு அடித் தண்ணீர் மதியத்துக்குள் கொதித்து, விடியலுக்குள் ஆறிவிடும். தினமும் இப்படி ஏறி இறங்கினால் மீன் நொந்துபோகும். எடை அதிகம், தண்ணீர் குறைவு, சூடு உச்சம்: நம் ஏரிகளின் நாள்காட்டியே மீனுக்கு எதிராகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

சூடு மட்டுமே மீனைக் கொல்வது அபூர்வம். சூடு பிராணவாயுவைப் பறிக்கிறது, அதுதான் கொல்கிறது. வெயிலில் வைத்த கோலி சோடாவை உடைத்தால் பொங்கி வழியும். குடித்தால் சப்பென்று இருக்கும். சூடான தண்ணீரில் வாயு தங்காது. நல்ல தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் 7.5, 35 டிகிரியில் 7க்கும் கொஞ்சம் குறைவு. குறைவது சிறு அளவுதானே என்று தோன்றலாம். ஆனால் அதே நேரத்தில் மீனின் தேவை கூடுகிறது. வரவு சுருங்கச் செலவு பெருகும் குடும்பத்தின் கதைதான்.

விடிகாலையில் ஒரு குட்டைக் கரைக்குப் போனால் இது கண்ணெதிரே தெரியும். பகலில் பாசி வெயிலை வாங்கித் தண்ணீரில் பிராணவாயுவை விடும். இரவில் அதே பாசியும் மூச்சு வாங்கும். ஆகவே விடிவதற்குச் சற்று முன்புதான் பிராணவாயு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் பெரிய கட்லாக்கள் மேலே வந்து, தண்ணீரின் தோலை உறிஞ்சுவதுபோல வாயைத் திறந்து திறந்து மூடும். கல்லை எறிந்தாலும் ஓடாது. புதிதாக வளர்ப்பவர் சிலர் இதைப் பசி என்று நினைத்துத் தவிட்டையும் புண்ணாக்கையும் அள்ளிப் போடுவதுண்டு. இதைவிடப் பெரிய தவறு இல்லை. தின்னாத தீனி அடியில் அழுகி, மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் குடித்துவிடும்.

அழுகல் அதோடு நிற்பதில்லை, அமோனியாவையும் உண்டாக்கும். அமோனியாவில் மீனை வதைக்கும் நச்சு வடிவம் ஒன்று, அவ்வளவாக வதைக்காத வடிவம் ஒன்று. எது எவ்வளவு என்பதைச் சூடும் தண்ணீரின் காரத்தன்மையும் தீர்மானிக்கின்றன. கார அளவு (pH) 8, சூடு 25 டிகிரி என்றால் நூற்றில் சுமார் 5 பங்குதான் நச்சு வடிவம். பாசி பிடித்துப் பச்சையேறிய குட்டையில் பிற்பகலில் கார அளவு 9ஐத் தொடும். சூடு 30 டிகிரியும் சேர்ந்தால் நூற்றில் 40 பங்குக்கு மேல். குட்டையில் மொத்த அமோனியா கூடவில்லை, ஆனாலும் காலையில் பாதகமில்லாதிருந்த தண்ணீர் மாலைக்குள் நஞ்சாகிவிடுகிறது.

கோடை மழை இன்னொரு கண்ணி. மேலே சூடான, பிராணவாயு உள்ள தண்ணீர். கீழே குளுமையான, பிராணவாயு அற்றுப்போன தண்ணீர். நாள் கணக்கில் இரண்டும் கலக்காமல் கிடக்கும். மாலையில் இடி மழை கொட்டி மேல்தண்ணீர் சட்டென்று குளிர்ந்தால், அது கனத்துக் கீழே இறங்கும். அடித்தண்ணீர் சேற்று நாற்றத்தோடு மேலேறும். மறுநாள் காலையில் மீன் மிதக்கும். ஊரில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பும். இப்படிச் செத்த மீன்களில் பலவற்றுக்கு விஷம் வைத்தவர் யாரும் இல்லை என்பது என் கருத்து.

நோயும் சூட்டைப் பார்த்தே வருகிறது. 1988இல் வடகிழக்கு மாநிலங்களில் தொடங்கி நாடெங்கும் பரவிய புண் நோயை ஏரிக் குத்தகைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விராலின் உடம்பில் சிவப்புப் புள்ளியாகத் தொடங்கி, சதையைத் தின்று குழியாக்கிவிடும். அதற்குக் காரணமான பூஞ்சை போன்ற கிருமிக்கு 18 முதல் 22 டிகிரி வரையிலான தண்ணீர் கொண்டாட்டம். அதே குளிரில் மீனின் எதிர்ப்புச் சக்தி மந்தமாகிவிடும். மழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் இது தலைகாட்டுவது அதனால்தான். கோடையில் மீன் பேனும் பாக்டீரியாவும் முறை எடுத்துக்கொள்ளும். மீன் பேனின் முட்டை குளிரில் வாரக் கணக்கில் கிடக்கும். சூட்டில் சீக்கிரமே பொரித்துவிடும்.

எல்லா மீனுக்கும் ஒரே சூடு தோதாகாது. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். டிரவுட்டுக்கு 10 முதல் 18 டிகிரிதான் சுகம். அதன் முட்டை 10 டிகிரித் தண்ணீரில் பொரிக்க ஒரு மாதம் ஆகும். ரோகு முட்டை 28 டிகிரியில் ஒரே நாளுக்குள் பொரித்துவிடும். 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் இவற்றையெல்லாம்விடச் சூட்டைத் தாங்கும். அதன் இனத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு: நைல் ஜிலேபியின் குஞ்சுகளைத் தொடக்கத்திலேயே 36 டிகிரி அளவு தண்ணீரில் வைத்தால், பெண்ணாக வேண்டியவற்றில் பல ஆணாகிவிடும்.

காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறவர் கொப்பரையின் சூட்டைப் பார்க்காமல் நூலை முக்கமாட்டார். சூடு தப்பினால் நிறம் திட்டுத் திட்டாகும் என்று அவருக்குத் தெரியும். மீன் வளர்ப்பவர் குஞ்சுக்குச் செலவழிக்கிறார், தீனிக்குச் செலவழிக்கிறார், காவலுக்கும் செலவழிக்கிறார். வெப்பமானி மட்டும் பெரும்பாலான கரைகளில் இல்லை.

குஞ்சு வாங்கி வந்ததும் பையை அவிழ்த்துக் கொட்டாதீர்கள். கட்டியபடியே கால் மணி முதல் அரை மணி நேரம் குட்டையில் மிதக்க விடுங்கள். பிறகு குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியேறட்டும். மூன்று நான்கு டிகிரி சட்டென்று மாறினாலே குஞ்சு அதிர்ந்துவிடும். தோண்டும் குட்டையில் ஐந்தடித் தண்ணீராவது கோடையிலும் நிற்க வேண்டும். தண்ணீர் 33 டிகிரியைத் தாண்டினால் தீனியைப் பாதியாக்குங்கள். 35ஐத் தொட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் பட்டினியால் எந்தக் கெண்டையும் சாகாது. ஏரேட்டர் வைத்திருப்பவர் மின்சாரச் செலவை மிச்சம் பிடிப்பதாக இருந்தால் பகலில் பிடிக்கட்டும். நள்ளிரவுக்குப் பின் விடியும்வரை ஓடியே ஆக வேண்டும். ஏரியில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் பெரிய மீனை முதலில் பிடித்து விற்றுவிடுங்கள். விலை ஏறட்டும் என்று வைகாசி வரை காத்திருந்து மொத்தத்தையும் இழப்பவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

காலை 5 மணிக்கு ஒரு தரம், பிற்பகல் 3 மணிக்கு ஒரு தரம், மேலே ஒன்று அடியில் ஒன்றாகச் சூட்டை அளந்து நோட்டில் குறித்துவையுங்கள். மீன் செத்தால் மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போகும்போது, செத்த மீனோடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.