புட்டுக்கு ஒரு பெரும் பரிசு

2024 மார்ச் 20ஆம் திகதி இரவு, சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சுயாதீனக் கணினி விளையாட்டு விழாவின் உயர்ந்த பரிசான பெரும் பரிசை ஒரு சமையல் விளையாட்டு வென்றது. அதில் துப்பாக்கிச் சூடு கிடையாது, கார் ஓட்டம் கிடையாது. ஒரு தமிழ்த் தாய் இட்டலி அவிக்கிறாள், புட்டு அவிக்கிறாள், பிரியாணிக்குத் தம் போடுகிறாள். 'வெண்பா' என்ற அந்த விளையாட்டை உருவாக்கியது ரொறன்ரோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு. மூன்று வாரம் கழித்து இலண்டனில் பாஃப்டா விருதுகள் வழங்கப்பட்டபோது, சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதும் அதற்கே போனது. விளையாடி முடிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். கோடிக்கணக்கான டொலர் செலவில் பெரிய நிறுவனங்கள் விளையாட்டுகளை வெளியிடும் காலத்தில், இவ்வளவு சிறிய ஒன்றில் நடுவர்கள் என்னதான் கண்டார்கள்?

கதை எளியது. 1988இல் கனடாவுக்குப் போன வெண்பாவும் பாவலனும் புதிய ஊரில் கவின் என்ற மகனை வளர்க்கிறார்கள். வெண்பாவிடம் அவள் தாய் தந்த சமையல் ஏடு இருக்கிறது. தாள் கிழிந்து, எழுத்து அழிந்து, முக்கியமான இடங்களெல்லாம் வெறுமையாகக் கிடக்கின்றன. அந்த வெற்றிடங்களை நிரப்புவதுதான் விளையாடுபவரின் வேலை. இட்டலித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேல்தட்டு வரை போகும்? புட்டுக்கு மாவும் தேங்காய்ப்பூவும் எந்த ஒழுங்கில் விழவேண்டும்? பிழையாக அடுக்கினால் அவியாது. ஏன் அவியவில்லை என்று யோசித்து மறுபடி அடுக்கவேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் ஆவி சாதாரணப் பொருளல்ல. ஒரு கிராம் தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க ஏறக்குறைய 420 யூல் வெப்பம் போதும். கொதிக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க இன்னும் 2,257 யூல் வேண்டும், ஐந்து மடங்குக்கும் மேல். அந்த ஆவி குளிர்ந்த மாவில் பட்டுத் திரும்பவும் நீராகும்போது, ஆவியாக வாங்கிய அந்த வெப்பம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடும். நெருப்பே தொடாமல் புட்டு வேகும் இரகசியம் இதுதான். ஆனால் ஆவி உள்ளே போக வழி இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மாக் குழைக்கும் எந்தக் கைக்கும் இது தெரியும். தண்ணீர் கூடினால் மா களியாகித் துவாரங்கள் அடைபடும், ஆவி நடுவே ஏறாது. உதிரியாகக் கொத்தி, இடையிடையே தேங்காய்ப்பூ போட்டால் மா இறுகாமல் வழி திறந்திருக்கும். பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஓலை இடுக்குகளால் ஆவி நுழைகிறது.

விளையாட்டை வடிவமைத்தவர்கள் இந்த இயற்பியலைப் பாடமாக எழுதி வைக்கவில்லை. அதை விதியாக்கினார்கள். கணினி விளையாட்டு என்பது அடிப்படையில் ஒரு விதித்தொகுப்பு. வினாடிக்குப் பெரும்பாலும் 30 அல்லது 60 தடவை அது விளையாடுபவரின் விரல் என்ன செய்தது என்று பார்க்கிறது, விதியை ஓட்டுகிறது, புதிய படத்தை வரைகிறது. அதனால் நாவலும் திரைப்படமும் சொல்லிக் காட்டுவதை விளையாட்டு நம்மைச் செய்யவைத்துக் காட்டும். கவின் வளர்ந்து பெரியவனாகி, தமிழில் தடுமாறிக்கொண்டு அதே ஏட்டைத் திறக்கும்போது, இழந்தது என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. அதற்குள் நம் கை அதை உணர்ந்திருக்கும்.

2014இல் இதே பெரும் பரிசை வென்ற 'பேப்பர்ஸ், பிளீஸ்' இந்த முறைக்கு இன்னொரு நல்ல சான்று. லூக்கஸ் போப் என்பவர் உருவாக்கியது. ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் அதிகாரி. வரிசையில் வருபவர்களின் கடவுச்சீட்டையும் அனுமதிப் பத்திரத்தையும் சரிபார்த்து முத்திரை குத்தவேண்டும். எத்தனை பேரைப் பார்த்து முடித்தீர்களோ அதற்குத்தான் கூலி, தவறினால் தண்டம், வீட்டில் குடும்பம் பசியில். இரங்கி ஒருவரை உள்ளே விட்டால் உங்கள் அடுப்பு அணையும். போர்க்காலத்தில் பயண அனுமதிக்கான பாஸ் எடுக்க அலைந்தவர்களும் முகமாலைச் சோதனைச் சாவடியில் பொதியை அவிழ்த்துக் காட்டி வரிசையில் நின்றவர்களும் வாழும் மண் நம்முடையது. மேசைக்கு மறுபக்கத்தில் உட்காரவைக்கும் அந்த விளையாட்டை நம்மவர்கள் அளவுக்கு ஆழமாக வாசிக்கக்கூடியவர்கள் உலகில் அதிகம் இருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இந்தப் பெரும் பரிசை வழங்கும் சுயாதீன விளையாட்டு விழா 1998இல், சன்டான்ஸ் திரைப்பட விழாவை முன்மாதிரியாக வைத்துத் தொடங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் பெரும் பரிசை ஷேமஸ் மக்நாலி என்ற கனடிய இளைஞர் வாங்கினார். குடும்பத்தாரோடு சேர்ந்து நடத்திய லாங்போ என்ற சிறு நிறுவனத்தில் அவர் செய்த 'டிரெட் மார்க்ஸ்', டாங்கிகள் ஓடும் பந்தயம். குண்டு விழுந்தால் நிலமே குழிந்து உருமாறும், அந்நாளில் அது பெரிய நிரலாக்கச் சாதனை. பரிசு வாங்கிச் சில நாட்களில், 21 வயதில், நிணநீர்ப் புற்றுநோயால் அவர் இறந்தார். அடுத்த ஆண்டிலிருந்து பெரும் பரிசு அவர் பெயரைத் தாங்குகிறது. மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டு உலகமெங்கும் வீட்டுக்கு வீடு அறியப்படுவதற்கு முன், 2011இல், வாங்கியதும் அதைத்தான்.

ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் போட்டிக்கு வருகின்றன. துறையில் வேலை செய்பவர்களே விளையாடிப் பார்த்துப் பரிந்துரைக்கிறார்கள். ஓவியம், ஒலி, வடிவமைப்பு, கதைசொல்லல் எனத் தனித்தனிக் குழுக்கள் விவாதித்து முடிவெடுக்கின்றன. 2024இல் பெரும் பரிசுத் தொகை 10,000 டொலர், பெரிய பணமல்ல. பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையத்தளத்தில் மட்டும் 2023இல் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளியாகின. அந்தக் குவியலிலிருந்து ஒரு சமையல் ஏட்டை எடுத்து உலகத்தின் கண்ணில் காட்டக்கூடியவை இத்தகைய விழாக்கள்தான்.

நம்மிடம் இருந்து இத்தகைய ஆக்கங்கள் வருவதற்கு எழுத்தும் ஒரு தடையாக நின்றது. கொக்குவில் என்ற பெயரில் ஐந்து எழுத்துகள். கணினி அதை ஒருங்குறியில் பத்துக் குறிகளாகச் சேமிக்கிறது. முதல் எழுத்தில் க முதலாவது, ஒகரக் குறி இரண்டாவது. ஆனால் திரையில் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் பிரிந்து நிற்கவேண்டும். இந்த ஒழுங்கமைப்பைச் செய்யத் தெரியாத விளையாட்டு இயந்திரத்தில் (விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளில்) கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழும், கு உடையும், ஊர்ப் பெயரே சிதையும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் தமிழ் உரையாடலைப் படமாக வரைந்து ஒட்டித்தான் சமாளிக்கவேண்டும். 2023 மார்ச்சில் வெளியான கோடோ இயந்திரத்தின் 4ஆம் பதிப்பு, ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரலைக் கொண்டு இத்தகைய எழுத்துகளைச் சரியாக அமைக்கிறது. அர்ஜென்டினாவில் பிறந்த அந்த இயந்திரம் முற்றிலும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும்.

பழகிப் பார்க்க மேடைகளும் இருக்கின்றன. 2009இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாம், ஒவ்வொரு சனவரியிலும் ஒரு கருப்பொருளை அறிவித்துச் சில நாட்களுக்குள் ஒரு விளையாட்டைச் செய்யச் சொல்கிறது. எந்த ஊரும் தன் இடத்தைப் பதிவு செய்து நடத்தலாம். யாழ்ப்பாணத்திலேயே யாழ் ஐ.ரி. ஹப் என்ற அமைப்பு, யாழ் கீக் சலஞ்ச் என்ற போட்டி மூலம் இளையோரின் கணினி யோசனைகளுக்கு இடம் கொடுத்து வந்திருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் கொக்குவில் இந்துக் கல்லூரியிலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரம். விதிகளாக மாறக் காத்திருக்கும் அறிவோ நம் அடுக்களையிலும் தோட்டத்திலும் துலாவிலும் பனங்காணியிலும் கிடக்கிறது. பெரும் பரிசு புட்டுக்கே போயிருக்கும்போது, ஒடியல் கூழுக்கு ஏன் போகக்கூடாது?

ஆசிரியர்களிடமும் அதிபர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வரும் சனவரியில் ஒரு வார இறுதிக்குக் கணினி அறையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். நிரல் தெரிந்தவரோடு ஓவியம் வரைபவரையும் மிருதங்கம் வாசிப்பவரையும் கதை சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியையும் சேர்த்து உட்காரவையுங்கள்.