மாநிலம் மாறுகிறீர்களா? எது கூட வரும், எது வராது

சென்னையிலிருந்து பெங்களூரு சுமார் 350 கிலோமீட்டர். நாகர்கோவில் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு தூரம். ஆனால் வேளச்சேரியில் குடியிருக்கும் ஒரு குடும்பம் நாகர்கோவிலுக்கு வீடு மாறினால் முகவரியும் பள்ளிக்கூடமும் மாறும், அவ்வளவுதான். அதே குடும்பம் பெங்களூருக்குக் கிளம்பினால் காரின் நம்பர் பிளேட், ரேஷன் அரிசி, பிள்ளை படிக்கும் மொழி, நாளைக்கு அது போட்டியிடப்போகும் கல்லூரி இடம் என வாழ்க்கையின் பாதி விதிகள் மாறிவிடுகின்றன.

இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியேறி வாழும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் கொடுத்திருக்கிறது. பிறந்த மாநிலத்தையோ முன்பு வசித்த மாநிலத்தையோ விட்டு வேறொன்றில் வாழ்பவர்கள் 5 கோடிக்கும் மேல் என்றது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இவர்களில் பெரும்பாலோர் லாரி வாடகையையும் வீட்டு அட்வான்ஸையும் கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்பியவர்கள்தான். செலவு வைக்கும் விஷயங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலில் நல்ல செய்தி. பான், ஆதார், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, பி.எஃப். எண் ஆகியவை எந்த மாநிலத்திலும் செல்லும். முகவரியை மாற்றினால் போதும். தமிழ்நாட்டில் எடுத்த ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுக்கச் செல்லும். வாக்காளர் பட்டியலுக்குப் புதிய ஊரில் படிவம் 8 கொடுத்து இடமாற்றம் கேட்க வேண்டும். ஒரே நபர் இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருப்பதை 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், ‘அங்கேயும் ஒன்று, இங்கேயும் ஒன்று’ என்று விட்டுவைக்கக் கூடாது.

மற்றவைதான் யோசிக்க வேண்டியவை.

பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது?

குடும்பம் எப்போது கிளம்பலாம் என்பதைச் சொல்லக்கூடிய முதல் தகவல் இதுதான். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் 9ஆம் வகுப்பிலும் 11ஆம் வகுப்பிலும் மாணவரின் பெயர் வாரியத்தில் பதிவாகிவிடும். அதன்பின் நேரடியாக 10க்கோ 12க்கோ பள்ளி மாறுவது நிபந்தனைகளோடும் வாரியத்தின் அனுமதியோடும்தான் நடக்கும். எனவே 9 முடிந்தோ 11 முடிந்தோ மாறுவது தலைவலி. 8 முடிந்தோ 10 முடிந்தோ மாறுவது சுலபம்.

அடுத்தது மொழி. தமிழ்நாட்டில் 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. கர்நாடகம் 2015இலும், கேரளம் 2017இலும், தெலங்கானா 2018இலும், மகாராஷ்டிரம் 2020இலும் தத்தம் மொழிக்குச் சட்டம் இயற்றின. ஆறாம் வகுப்புவரை தமிழும் ஆங்கிலமும் மட்டும் படித்த பிள்ளை பெங்களூருப் பள்ளியில் கன்னடத்தையும், பல பள்ளிகளில் கூடவே இந்தியையும் சந்திக்க வேண்டியிருக்கும். இடையில் வந்து சேரும் மாணவர்களுக்கு என்ன சலுகை, கன்னடம் எந்த நிலையிலிருந்து கற்பிக்கப்படும், தமிழை ஒரு பாடமாக எடுக்க வழி இருக்கிறதா ஆகிய மூன்று கேள்விகளையும் கட்டணம் கட்டுமுன் கேட்டுவிட வேண்டும்.

டி.சி. வாங்கும்போது மாநிலம் மாறுகிறோம் என்று பழைய பள்ளியில் சொல்லுங்கள். வேறு மாநில டி.சி.யில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டும் என்று பல பள்ளிகள் கேட்கின்றன. ஜூன் மாதம் புதிய ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கையெழுத்துக்காகத் திரும்பி ஓடிவருவது வீண் அலைச்சல்.

சான்றிதழ் எல்லை தாண்டுமா?

பல குடும்பங்கள் காலம் கடந்து தெரிந்துகொள்ளும் விஷயம் இது. கட்டுரையின் மற்ற எல்லாவற்றையும்விட இதையே முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகளின் பெயர்கள் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைகளில் மாநில வாரியாகவே இடம்பெற்றிருக்கின்றன. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடியேறிவிட்டால், அந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சாதியின் பெயர் இரண்டு மாநிலப் பட்டியல்களிலும் இருந்தாலும் இதே நிலைதான். 2018இல் பீர்சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் இதை உறுதிசெய்தது. மத்திய அரசு வேலைக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். குடியேறிய மாநிலத்தின் வேலைக்கும் கல்லூரிக்கும் செல்லாது.

பிற்படுத்தப்பட்டோர் நிலைமையும் ஏறத்தாழ இப்படித்தான். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று பிரித்திருக்கிறார்கள், கர்நாடகத்தில் பிரிவு 1, 2ஏ, 2பி, 3ஏ, 3பி என்று வேறு அடுக்கு. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு ஓசூரோடு நின்றுவிடுகிறது.

பொறியியல், மருத்துவ இடங்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. கர்நாடக அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கான பொதுவான விதி, முதல் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. (12ஆம் வகுப்பு) வரையில் குறைந்தது 7 கல்வி ஆண்டுகள் அங்கே படித்திருக்க வேண்டும் என்பது. தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கையில், 6 முதல் 12 வரை இங்கேயே படித்தவர்களுக்குச் சிக்கலில்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை ‘நேட்டிவிட்டி’ எனப்படும் பிறப்பிடச் சான்றிதழையும், பெற்றோர் இந்த மாநிலத்தவர் என்பதற்கான ஆவணங்களையும் காட்ட வேண்டும். இரண்டு மாநிலங்களில் ஒரே நேரத்தில் உரிமை கோரவும் கூடாது.

எட்டாம் வகுப்பில் பெங்களூரு போகும் ஒரு பிள்ளையை வைத்துக் கணக்குப் போட்டால் சிக்கல் புரியும். பி.யு.சி. முடியும்போது அங்கே அதற்கு 5 ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். 7 ஆண்டு விதி நிறைவேறாது. தமிழ்நாட்டிலோ, தன் பூர்விகத்தைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். இந்தக் குடும்பம் சாதிச் சான்றிதழையும் பிறப்பிடச் சான்றிதழையும் கிளம்பும் முன்பே வாங்கி வைத்திருந்தால், குறைந்தது ஒரு கதவாவது திறந்திருக்கும். பெற்றோரின் பள்ளிச் சான்றிதழ்களும் பழைய குடும்ப அட்டையும்கூட அப்போது பேசும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டி.என். நம்பர் பிளேட்

வேறு மாநிலத்தில் ஒரு வண்டியை 12 மாதங்களுக்குமேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. அதற்கு முதலில் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். பிறகு புதிய ஊரில் அந்த மாநிலத்தின் ஆயுள்வரியைக் கட்ட வேண்டும். கர்நாடகத்தில் காருக்கான வரி அதிகம் என்பதால் இந்தத் தொகையே பலரை மலைக்க வைக்கிறது. இங்கே கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம்; ஆனால் அங்கே பதிவு முடிந்ததற்கான ஆதாரத்தோடுதான் கேட்க முடியும். அதாவது, இரண்டு வரியையும் கொஞ்ச காலம் கையிலிருந்து தாங்க வேண்டும். வண்டி பத்து வயதைத் தொட்டிருந்தால் விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குவது பல நேரம் லாபம்.

அடிக்கடி மாற்றலாகிறவர்களுக்காகவே 2021 செப்டம்பரில் ‘பிஎச்’ வரிசை வந்தது. அரசு, ராணுவம், பொதுத்துறை ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர்களும் இதைக் கேட்கலாம். இரண்டு இரண்டு ஆண்டுகளாக வரி கட்டினால் போதும்; மாநிலம் மாறினாலும் நம்பர் மாறாது.

ரேஷன், கேஸ்

‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் 2020 அக்டோபரிலேயே தமிழ்நாடு சேர்ந்துவிட்டது. ஆனால் அது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்), அந்தியோதயா அட்டைகளுக்கு மட்டும். அட்டையில் என்.பி.எச்.எச். என்று அச்சாகியிருந்தால் வெளிமாநிலக் கடையில் எதுவும் கிடைக்காது. தகுதியுள்ளவர்களுக்கும் அரிசி, கோதுமைதான்; துவரம்பருப்பும் பாமாயிலும் பொங்கல் தொகுப்பும் எல்லைக்கு அப்பால் வராது. நிரந்தரமாகக் குடியேறுகிறவர்கள் பெயர் நீக்கச் சான்று வாங்கிக்கொண்டு போனால்தான் அங்கே புது அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும்.

பெண்களுக்கான இலவசப் பேருந்தும் அப்படித்தான். கர்நாடகத்தின் ‘சக்தி’ திட்டம் 2023 ஜூனில் தொடங்கியபோதே, அம்மாநில முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும் என்று விதித்தார்கள்.

கேஸ் இணைப்பு உள்ளவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து வவுச்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்று கட்டிய டெபாசிட் திரும்பும். புதிய ஊரில் இன்றைய டெபாசிட் கட்ட வேண்டும்.

வீடும் தண்ணீரும்

தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகை என்று எல்லை வைத்திருக்கிறது. பெங்களூரில் ஒரு காலத்தில் பத்து மாதம் வழக்கம். இன்றும் ஐந்து, ஆறு மாதம் சர்வ சாதாரணம். வாடகை 30,000 என்றால், ஆறு மாத அட்வான்ஸே 1,80,000 ரூபாய். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் அங்கே வழக்கம். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். மும்பை, புணே பக்கம் போகிறவர்களுக்கு வேறு விதி: மகாராஷ்டிரத்தில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவும் செய்யப்பட வேண்டும்.

பெங்களூரில் வீடு பார்க்கும்போது முதலில் தண்ணீரை விசாரியுங்கள். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை மேலேற்றிக் குடிக்கும் ஊர் அது. 2024 கோடையில் ஆழ்குழாய்கள் வறண்டபோது புறநகர் அடுக்ககங்கள் டேங்கர் லாரிகளை நம்பிக் கிடந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனாலும், ‘இந்த வீட்டுக்குக் காவிரி இணைப்பு உண்டா, இல்லை போர்வெல்லா, டேங்கருக்கு மாதம் எவ்வளவு’ என்ற கேள்வியைக் காவலாளியிடமும் பக்கத்து வீட்டிலும் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

சாமான் ஏற்றும் நிறுவனத்திடம் லாரி ரசீது, பொருள் பட்டியல், காப்பீடு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி.யின் இ-வே பில் தேவையில்லை. வரி வசூலித்த பழைய சோதனைச் சாவடிகளும் 2017 ஜூலைக்குப் பின் எடுக்கப்பட்டுவிட்டன. பாதி வழியில் போன் செய்து ‘பார்டர் டாக்ஸ்’ கேட்டால் அது பொய்.

போகும் ஊரின் மொழியைக் கற்றுக்கொள்ளவும் முதல் மாதமே தொடங்குங்கள். காய்கறிக் கடை, ஆட்டோ, அரசு அலுவலகம் மூன்றுக்கும் போதுமான கன்னடம் தமிழருக்குச் சில மாதங்களில் கைவரும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது நீங்கள் காட்டும் மரியாதையும்கூட.

மாற்றல் உத்தரவு கைக்கு வந்த அன்றே இ-சேவை மையத்துக்குப் போய்ச் சாதிச் சான்றிதழுக்கும் பிறப்பிடச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். வண்டிக்குத் தடையில்லாச் சான்றும் பிள்ளையின் டி.சி.யில் மேலொப்பமும் அடுத்த வாரத்து வேலை. இவையெல்லாம் கையில் வந்த பிறகு லாரிக்குத் தேதி சொல்லுங்கள்.