ஒரு கால்பந்து கிளப் எப்படி வேர் பிடிக்கிறது?

மரக்காணம் பக்கத்துக் கூனிமேட்டில் மாலை நாலரைக்கு மேல் கடற்கரைக்குப் போனால் அலைச் சத்தத்தோடு பந்துச் சத்தமும் கேட்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும். வலை காயும் மணலுக்கும் அலை நனைக்கும் மணலுக்கும் இடையில் நாலு சவுக்குக் கழி நட்டிருப்பார்கள். இந்தப் பக்கம் இரண்டு கழி ஒரு கோல், அந்தப் பக்கம் இரண்டு கழி இன்னொரு கோல். பையன்களின் பனியன்களில் மெஸ்ஸி இருக்கிறார், ரொனால்டோ இருக்கிறார், நெய்மார் இருக்கிறார்.

ஒருநாள் ஆட்டம் நின்ற நேரத்தில் ஒருவனிடம் கேட்டேன்: “தம்பி, நம்ம தமிழ்நாட்டு டீம் ஒண்ணு இந்தியா லீக்கையே ஜெயிச்சிருக்கே, பேர் தெரியுமா?”

“சென்னையின்தானேண்ணா?” என்றான்.

அதுவும் சரியான பதில்தான். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை 2015-லும் 2017–18 பருவத்திலும் வென்ற அணி சென்னையின் எஃப்.சி. நான் நினைத்துக் கேட்டது வேறொன்று: 2019-ல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி எஃப்.சி. அந்தப் பெயரை அங்கிருந்த ஒருவனும் கேள்விப்பட்டிருக்கவில்லை. பட்டம் வென்ற அணி சில ஆண்டுகளுக்குள் பிள்ளைகளின் நினைவில்கூட இல்லாமல் போனது எப்படி என்று யோசித்தபோதுதான், கால்பந்து கிளப் என்ற அமைப்பைப் பற்றி நாம் தமிழில் அதிகம் பேசியதே இல்லை என்று தோன்றியது.

பொங்கல் டோர்னமெண்டுக்காக ஊரில் சேர்க்கும் பதினோரு பேர் டீம். கோப்பையை வாங்கிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனதும் டீம் கலைந்துவிடும். அந்தப் பதினோரு பேரும் போன பிறகும் மிச்சம் இருப்பது எதுவோ அதுதான் கிளப்: ஒரு மைதானம், சிறுவர் அணிகள், பதிவேடு, கணக்குப் புத்தகம், ஒரு பெயர், அந்தப் பெயருக்காக வந்து உட்காரும் ஊர்.

மைதானத்திலிருந்தே தொடங்கலாம். கடற்கரைப் பையன்களுக்கு மைதானம் மணல்தான். மணலில் ஓடுவது கெட்டித் தரையில் ஓடுவதைவிடக் கடினம் என்பது கால் வலித்த எவருக்கும் தெரியும். எவ்வளவு கடினம் என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-ல் அளந்து வெளியிட்டார்கள். அதே வேகத்தில் ஓட மணலில் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. கெட்டித் தரையில் பாதம் பதியும்போது கணுக்காலின் பின்னுள்ள தசைநாண் வில்லுக் கம்பிபோல இழுபட்டு, அடுத்த அடிக்கு அந்த ஆற்றலைத் திருப்பித் தருகிறது. மணலில் பாதம் புதைகிறது, மணல் நகர்கிறது. திரும்பி வர வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு மணலைத் தள்ளுவதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் பையன்கள் ஈர மணலைத் தேடிப் போகிறார்கள். ஈரத்தில் மணிகளுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலம் நின்று அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கிறது, கால் புதைவதில்லை. அவர்கள் இதைப் பாடத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பந்துக்கும் இதே கதைதான். விதிப்படி பந்தின் எடை 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். புல் தரையில் அது முப்பது கஜம் உருளும். காய்ந்த மணலில் தனக்கு முன்னால் மணலைக் குவித்துக்கொண்டு நாலைந்து அடியில் நின்றுவிடும். அதனால் தரையோடு பாஸ் கொடுக்கும் பழக்கம் மணலில் வளராது. பந்தைக் கிளப்பி அனுப்புவது, விழுமுன்பே நெஞ்சிலோ தொடையிலோ வாங்குவது, எதிராளியை உரசிக்கொண்டு தனியாகப் போவது இவையெல்லாம் நன்றாக வளரும். கடலோரத்து ஆட்டக்காரனுக்குக் கணுக்கால் பலமும் மூச்சும் சிறுவயதிலேயே கிடைத்துவிடுகின்றன. பாஸும் இடம் பார்த்து நிற்பதும் சமதளப் புல் தரை கிடைத்தால்தான் வரும். ஒரு ஊருக்குக் கிளப் செய்கிற முதல் உதவி அந்தத் தரையைத் தருவது.

சென்னை சிட்டியின் ஆட்டம் அந்தப் பாஸ் கலையின் மேல் நின்ற ஆட்டம். 1946 முதல் இருந்துவந்த பழைய சென்னை கிளப் அது. 2016–17 பருவத்தில் ஐ-லீக்கில் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது. முதல் இரண்டு பருவங்களிலும் பட்டியலின் அடிப்பகுதியில்தான் தத்தளித்தது. பிறகு சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ, எஸ்லாவா என்று ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிவந்தவர்களை அணிக்கு எடுத்தார்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் பையன்கள் ஆடினார்கள். பந்து வைத்திருப்பவனுக்கு எப்போதும் இரண்டு பக்கமும் ஆள் கிடைக்க வேண்டும், மூன்று பேரும் சேர்ந்து ஒரு முக்கோணமாக நகர வேண்டும் என்பதுதான் அந்த ஆட்டத்தின் அடிப்படை. ஆள் ஓடுவதைவிடப் பந்து வேகமாகப் போகும். எதிரணி பந்துக்குப் பின்னால் ஓடியே களைத்துவிடும்.

2018–19 ஐ-லீக்கில் 11 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டம். கடைசி நாள் 2019 மார்ச் 9. சென்னை சிட்டி கோவை ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபோடு மோதியது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவோடு ஆடியது. சென்னை சிட்டி வென்றால் பட்டம். சறுக்கினால், ஈஸ்ட் பெங்கால் ஜெயிக்கும் பட்சத்தில், பட்டம் கொல்கத்தாவுக்கு. கோவையில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அந்தக் கடன் தீரவில்லை. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் அசாம்காரரான கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல் போட்டார். 3–1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2–1 என்று வென்றுவிட்டதால், கோவையில் கிடைத்த அந்த வெற்றி இல்லையென்றால் பட்டமும் இல்லை. கணக்கு முடிந்தபோது சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் போட்டு, அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையைப் பகிர்ந்துகொண்டார்.

அதே 2019 மே மாதத்தில், லூதியானாவில் நடந்த பெண்கள் தேசிய லீக் இறுதியில் மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸை 3–1 என்று வென்றது. ஒரே ஆண்டில் ஐ-லீக்கும் பெண்கள் லீக்கும் தமிழ்நாட்டுக்கு வந்தன. இந்தச் செய்தி நம் பள்ளிகளில் சுவரில் எழுதி வைத்திருக்க வேண்டிய செய்தி என்று நான் நினைக்கிறேன்.

அதன்பின் என்ன ஆனது? 2019-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல், சென்னை சிட்டியின் 26 விழுக்காடு பங்கை வாங்கியது. 2020-ன் தொடக்கத்தில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0–1 என்று தோற்றார்கள். ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2–2 என்று ஆடினார்கள். உடனே கொரோனா வந்தது, போட்டி கைவிடப்பட்டது. இதற்கிடையில் ஐ.எஸ்.எல். நாட்டின் முதல் நிலை லீக்காகிவிட்டது. ஐ-லீக் சாம்பியன் மேலே ஏற அப்போது ஏணி இல்லை. ஐ-லீக்கின் 2020–21 பருவம் முழுக்க மேற்கு வங்காளத்தில் பூட்டிய மைதானங்களில் நடந்தது. அதோடு சென்னை சிட்டி லீக்கிலிருந்து மறைந்தது. ஏணி வைக்கப்பட்டது 2022–23-ல். அதில் முதலில் ஏறியது ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப். கோவையில் அன்று தோற்ற மினர்வாவின் வாரிசு அணி அது.

பெட்ரோ மான்சி போன இடம் இந்தக் கதைக்கு இன்னொரு பாதி தருகிறது. 2020 தொடக்கத்தில் அவர் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா அணியில் சேர்ந்தார். கோவையில் பந்து உதைத்தவர் போய்ச் சேர்ந்த நீகாட்டா, ஜப்பானின் மேற்குக் கரையில், ஜப்பான் கடலைப் பார்த்திருக்கும் ஊர். அரிசிக்குப் பேர் போனது. குளிர்காலத்தில் பனி மூடிவிடும். டோக்கியோவிலும் ஒசாகாவிலும் இருக்கிற பெரிய கம்பெனிகளின் நிழல் அங்கே அதிகம் இல்லை. கால்பந்துக்கும் பெரிய பேர் இருந்ததில்லை.

அங்கே 1955-ல் நீகாட்டா லெவன் என்று ஒரு கிளப் இருந்தது. வேலை முடிந்து வந்து ஆடுகிறவர்களின் கிளப். 2002 உலகக் கோப்பை ஆட்டங்களை நடத்த நீகாட்டா விரும்பியபோது, ஸ்டேடியம் கட்டினால் அதில் யார் ஆடுவார்கள் என்ற கேள்வி வந்தது. அந்தப் பழைய கிளப்பைத்தான் தொழில்முறை அணியாக வளர்த்தார்கள். அன்னம் என்று சொல்லும் விண்மீன் கூட்டத்தில் அல்பிரியோ என்றொரு விண்மீன் இருக்கிறது. அதன் பெயரோடு, லத்தீனில் அரசன் என்று பொருள்படும் ரெக்ஸ் என்ற சொல்லைச் சேர்த்து 1997-ல் அல்பிரெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து அந்தப் பகுதிக்கு அன்னங்கள் வருவது வழக்கம். 2001-ல் திறந்த ஸ்டேடியத்துக்கும் பெரிய அன்னம் என்றே பெயர். நம் பக்கத்தில் கழுவெளி ஈரநிலத்துக்கு வருஷா வருஷம் பூநாரைகள் வருகின்றன. தமிழக அரசு 2021-ல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இந்தக் கரையில் என்றாவது ஒரு கிளப் எழுந்தால் அதற்குப் பெயர் தேடி அலைய வேண்டாம்.

நாற்பதாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தைக் கட்டியாகிவிட்டது, அணியோ இரண்டாம் டிவிஷனில் இருந்தது. யார் வருவார்கள்? ஊரின் தெருச் சங்கங்கள், குடியிருப்புச் சங்கங்கள் வழியாக இலவச டிக்கெட் கொடுத்தார்கள். தாத்தா பாட்டி வந்தார்கள், பேரப்பிள்ளையைக் கூட்டிவந்தார்கள், அடுத்த முறை காசு கொடுத்து வந்தார்கள். 2003-ல் அணி இரண்டாம் டிவிஷன் பட்டம் வென்று 2004-ல் முதல் டிவிஷனுக்கு ஏறியது. 2005-ல் சொந்த ஊர் ஆட்டங்களுக்குச் சராசரியாக 40,000 பேருக்கு மேல் வந்தார்கள். 2017-ல் அணி கீழே இறக்கப்பட்டது. ஊர் அதைக் கைவிடவில்லை. 2022-ல் இரண்டாம் டிவிஷன் பட்டத்தோடு திரும்ப மேலே வந்தது. 2004 முதல் சிங்கப்பூர் லீக்கில் ஒரு கிளை அணியையும் அதே கிளப் நடத்தி, அங்கேயும் பலமுறை பட்டம் வென்றது.

இதற்குப் பின்னால் ஜப்பான் லீக்கின் ஒரு விதி இருக்கிறது. 1993-ல் 10 கிளப்புகளோடு தொடங்கியபோதே, அணியின் பெயரில் கம்பெனி இருக்கக்கூடாது, சொந்த ஊர் ஒன்றை அறிவிக்க வேண்டும், அந்த ஊரில் சிறுவர் அணிகளை நடத்த வேண்டும் என்றார்கள். இன்று அங்கே மூன்று டிவிஷன்களில் 60 கிளப்புகள். தோற்றால் இறங்கலாம், ஜெயித்தால் ஏறலாம், ஊர் மட்டும் மாறாது. சென்னை சிட்டிக்குப் பெயர் சென்னை, மைதானம் கோவை. பட்டம் வென்ற அன்று கோவை ரசிகர்கள் அதைத் தங்கள் அணியாகவே கொண்டாடினார்கள், அந்த அன்பில் குறையில்லை. ஆனால் கிளப் விழுந்தபோது தாங்கிப் பிடிக்க ஊர்ச் சங்கமோ, பள்ளி அணிகளின் வரிசையோ இருக்கவில்லை. ஆட்டத்தில் அந்த அணிக்கு ஒரு குறையும் இல்லை. வேர்தான் இல்லை.

வேர் உள்ள இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. குமரி மாவட்டத்தின் தூத்தூர், இரவிபுத்தன்துறை போன்ற மீனவ ஊர்களில் ஊருக்கு ஊர் கால்பந்து கிளப் உண்டு. இரவிபுத்தன்துறையில் மணலில் ஆடி வளர்ந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டிக்கு ஆடினார். பிறகு ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் போய், 2019–20-ல் ஏ.டி.கே. அணியோடு ஐ.எஸ்.எல். பட்டம் வென்றார். கூனிமேட்டு மணலுக்கும் இரவிபுத்தன்துறை மணலுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. அங்கே ஆட்டத்தை ஒழுங்காக நடத்தும் கிளப் தலைமுறைகளாக இருக்கிறது, இங்கே கழி மட்டும் இருக்கிறது.

நம் ஊர் இளைஞர் மன்றங்களும் பி.டி. வாத்தியார்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடிவதற்கு முன் விலை கொடுத்து வேறு நாட்டுக் கிளப்புக்கு மாற்றப்பட்டால், அந்த விலையில் 5 விழுக்காட்டை அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரையான நாலு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரையான எட்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 0.5 விழுக்காடு. ஒரு கோடி ரூபாய்க்கு மாற்றம் நடந்தால், அந்தப் பையனை முதல் நாலு ஆண்டும் ஆடவைத்த சின்னக் கிளப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் வரவேண்டும். புதுப் பந்து, வலை, நல்ல கோல் போஸ்ட் எல்லாம் வாங்கிய பிறகும் அதில் மீதம் இருக்கும்.

ஆனால் அந்தப் பணம் பதிவேட்டில் பெயர் உள்ள கிளப்புக்கு மட்டுமே வரும். பையன் எந்த வருடம் எந்தக் கிளப்பில் ஆடினான் என்பதற்குச் சான்று வேண்டும். கடற்கரையில் சும்மா ஆடிய வருடங்கள் எந்தக் கணக்கிலும் சேராது.

எனவே கூனிமேட்டிலும் மரக்காணத்திலும் இந்தக் கரையின் குப்பங்களிலும் பிள்ளைகளை ஆடவைக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பெயர் வைத்து கிளப்பைப் பதிவு செய்யுங்கள். மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் சேருங்கள். அகில இந்தியக் கூட்டமைப்பின் ஆட்டக்காரர் பதிவில் பிள்ளைகளின் பெயரை ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். பெண்பிள்ளைகளின் பெயரையும் சேர்த்தே கொடுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இன்று மாலையும் அந்த மணலில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், இந்த வருடமே எழுதிவையுங்கள்.